டெஸ்பாசிட்டோவுக்கு முன்னாலும் பாட்டு இருந்தது

‘2017-ல் டெஸ்பாசிட்டோ வந்த பிறகுதான் ஸ்பெயின் நாட்டு பாப் இசையை அமெரிக்கா கேட்கவே தொடங்கியது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் இரண்டு தப்பு.

முதலில், டெஸ்பாசிட்டோ பாட்டைப் பாடிய லூயிஸ் ஃபோன்சி ஸ்பெயின்காரர் இல்லை, கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். மொழி ஸ்பானிஷ் என்பதால் நாடும் ஸ்பெயின் ஆகிவிடாது.

அப்புறம், உண்மையான ஸ்பெயின் பாட்டுகள் அமெரிக்காவுக்கு எப்போதோ போய்விட்டன. மொசெடாதெஸ் குழு 1973-ல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த ‘எரெஸ் தூ’ மறு வருடம் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் 9-ஆம் இடம் வரை ஏறியது, அதுவும் ஸ்பானிஷ் மொழியிலேயே. 1996-ல் ‘மகரேனா’ 14 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டி, திருப்பி, தோளில் வைத்து, இடுப்பை ஆட்டி ஒரு குதி குதித்துத் திரும்புவோமே, அதே பாட்டுதான். பாடிய லோஸ் தெல் ரியோ இருவரும் ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். அப்போதே நடுவயதுக்காரர்கள். ஆனால் அமெரிக்காவில் ஓடியது மயாமியில் ஆங்கில வரிகள் சேர்த்த ரீமிக்ஸ், அதையும் சொல்லிவிட வேண்டும். டெஸ்பாசிட்டோ முதலிடம் போனதும் ஜஸ்டின் பீபர் சேர்ந்த ரீமிக்ஸ் வந்த பிறகுதானே!