'பொம்பளைச் சீக்கு' என்று பெயர் வைத்தது யார்?

மேலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகத்தில் இருபது வருடம் இருந்தவன் நான். கர்ப்பிணிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு துளியை வெள்ளை அட்டையில் விட்டு, கரித்துகள் கலந்த திரவத்தைச் சேர்த்து எட்டு நிமிடம் சுழற்றுவோம். சாம்பலாகப் பரவிக் கிடந்தால் நிம்மதி. கறுப்புக் குருணையாகத் திரண்டால், உடலுறவு வழியாகப் பரவும் சிபிலிஸ் நோய் இருக்குமோ என்று சந்தேகம். இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்வோம்.

அப்படி உறுதியான ஒரு பெண்ணை, அவளது மாமியார் வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பொம்பளைச் சீக்கை எங்கேடி வாங்கி வந்தாய்?" ஐந்து மாதக் கர்ப்பிணி. சுவரைப் பார்த்து நின்றாள்.

இந்த நோயின் சரித்திரமே பழி போட்ட சரித்திரம்தான். 1495இல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸில் இருந்தபோது நோய் வெடித்தது. இத்தாலிக்காரர்கள் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். ரஷ்யர்கள் போலந்தின் தலையில் கட்டினார்கள். நம் நாட்டில் 16ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான 'பாவப்பிரகாசம்' இதைப் 'பிரங்க ரோகம்', அதாவது பறங்கியர் நோய் என்றது. மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை, ஒரு காலத்தில் இதற்குத்தான் பேர்போன மருந்து. அந்தப் பெயரிலும் பறங்கி உட்கார்ந்திருக்கிறான். ஊரான்மேல் பழி போட்டது போதாதென்று நாம் வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்தோம்.

கிருமியைக் கண்டுபிடித்தது 1905இல். முதலில் வலியில்லாத ஒரு புண் வரும்; மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும். லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. லேகியம் கொடுத்தார், புண் ஆறியது! கிருமி எங்கும் போகவில்லை. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பெரும்பாலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரும், அவையும் மறையும். சிகிச்சை எடுக்காத சிலருக்குப் பத்து, இருபது வருடம் கழித்து இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியையோ மூளையையோ பிடிக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் சிசு வயிற்றிலேயே இறந்துபோகலாம்.

1943இல் பென்சிலின் இதற்கு வழி காட்டியது. ஆரம்ப நிலை என்றால் இன்றும் 24 லட்சம் யூனிட் பென்சதைன் பென்சிலின் ஒரு தடவை போட்டால் போதும். ஆனால் கணவனுக்கும் போட வேண்டும்; இல்லையென்றால் அவளுக்குத் திரும்ப வரும்.

அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டாயிற்று. கணவனுக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினோம். ஒருநாள் தாயோடு வந்தவன், உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்று கேட்டான்: "எனக்குத்தான் போன வருடமே ஆறிவிட்டதே சார், எனக்கு எதற்கு ஊசி?"

மாமியார் அன்று வாயே திறக்கவில்லை.