தட்டில் எத்தனை துண்டு என்று எழுதிவிடுங்கள்

கோவையில் குடும்பத்தோடு ஜப்பானிய பாணிச் சிறுதட்டு உணவகத்துக்குப் போவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. சமையலில் எனக்குக் குறையில்லை. அளவையும் முறையையும் முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதுதான் என் ஆட்சேபம்.

இந்தச் சிறுதட்டு முறை ஜப்பானின் இசகாயா என்னும் மதுக்கடைகளிலிருந்து வந்தது. இசகாயாக்கள், சாக்கே என்னும் அரிசி மது விற்ற கடைகளில் வாங்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தவை. வேலை முடிந்து வருகிறவர்கள் பேசிக்கொண்டே குடிக்கையில் கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான், உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே என்னும் பச்சை சோயாக் காயும், கரியடுப்பில் வாட்டிய யாகிடோரி கோழிக் குச்சியும் சின்னச் சின்னத் தட்டுகளில், தயாராகத் தயாராக மேசைக்கு வருகின்றன. சோறோ நூடுல்ஸோ கடைசியில்தான். இந்த ஏற்பாட்டிலிருந்து மதுவை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை இரவுச் சாப்பாடு என்று நம் குடும்பங்களுக்கு விற்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

அண்மையில் நாங்கள் ஐந்து பேர் போயிருந்த கடையில், கியோசா கொழுக்கட்டைத் தட்டில் நான்குதான் இருந்தன. அம்மா அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சாம்பிளுங்களா தம்பி, இல்ல இதேதானுங்களா?" என்று பரிமாறியவரிடம் மெய்யாகவே கேட்டார். சோறு வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது.

பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. ஜப்பானில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒட்டோஷி என்றொரு சிறு பதார்த்தத்தை வைத்துக் காசு வாங்குவார்கள் என்பது உண்மைதான்; ஆனால் அங்கே டிப்ஸ் வழக்கமில்லை. இங்கே சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள், ஆனால் முகம் கொஞ்சம் கோணியது.

மத்திய அரசின் உணவுத் தொழில் உரிமம் பெற்ற, அல்லது 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் பரிமாறும் அளவையும் கலோரியையும் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. தனிக்கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், விலைக்குப் பக்கத்தில் '4 துண்டு' என்று அச்சிடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. அதுவரை, தட்டில் எத்தனை, சோறு எப்போது வரும் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்ட பிறகே நான் ஆர்டர் சொல்வதாக இருக்கிறேன்.