கருவி சொன்ன பெயரை அப்படியே எழுதிவிடலாமா?

நோயாளியின் சாம்பிளில் வளர்ந்த கிருமி எது என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் "சூடோமோனாஸ் வகை" என்று மட்டும் போட்டு அனுப்பும் வழக்கத்தை ஆய்வகங்கள் கைவிட வேண்டும். அந்த ஒரு வரியை நம்பித்தான் வார்டில் மருந்து முடிவாகிறது.

கிருமியின் பெயரைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவி வந்தபிறகு வேலை எவ்வளவோ சுலபம். காலனியை, அதாவது கிருமி கூட்டமாக வளர்ந்த புள்ளியை, தொட்டுக் கருவியின் தட்டில் தடவினால் சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். ஆனால் அது கிருமியின் புரத எடைகளைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத கிருமி வந்தால் சில சமயம் பெயரே தராது. சில சமயம் நெருங்கிய இனத்தின் பெயரைத் தந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும் பர்கோல்டேரியா சூடோமாலி என்ற கிருமியைப் பாருங்கள். அதன் நெருங்கிய இனங்களான செபேசியா என்றும் தாய்லாண்டென்சிஸ் என்றும் கருவிகள் இதற்குப் பெயர் மாற்றிச் சொல்லியிருக்கின்றன. ஆனால் கிருமி வளர்த்த பிளேட்டைப் பார்ப்பவருக்குத் துப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். முதலில் வழவழவென்று இருக்கும் காலனி, மூன்று நான்கு நாள் விட்டுவைத்தால் காய்ந்து சுருங்கும். கிராம் ஸ்டெயின் என்ற சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரு முனையும் அடர்ந்து, நடுப்பகுதி வெளுத்து, ஊக்குபோலத் தெரியும். பெரும்பாலும் ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காது, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் வழக்கமாக நாம் பார்ப்பது இதற்கு நேர்மாறு. இந்த மருந்துகள் தோய்த்த மூன்று டிஸ்க்கைப் பிளேட்டில் வைத்தாலே சந்தேகம் வந்துவிடும். வந்த உடனே பிளேட்டைப் பாதுகாப்பு கேபினெட்டுக்குள் கொண்டுபோங்கள். பிளேட்டை மோந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றே விடுங்கள், மூச்சு வழியாகவும் தொற்றும் கிருமி இது.

பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். இதற்கு செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல். ஏதோ சூடோமோனாஸ் என்று நினைத்து ஒரு வாரத்தில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

தோலில் சாதாரணமாக வாழும் டிப்தீராய்டு வகைக் கிருமி என்றாலே, சாம்பிளில் தற்செயலாகக் கலந்த மாசு என்று ஒதுக்குவதும் இதே கதைதான். தனித்தனியாக எடுத்த இரண்டு ரத்த பாட்டிலிலும் ஒரே கிருமி வளர்ந்தால், அதிலும் நோயாளிக்கு இதயத்தில் செயற்கை வால்வு இருந்தால், அதை எப்படித் தூக்கிப்போட முடியும்?

பெயர் பிடிபடாதபோது பாக்டீரியாவின் 16எஸ் என்ற மரபணுவின் வரிசையைப் படிப்பது கைகொடுக்கும். விப்பிள் என்ற மருத்துவர் 1907-ல் விவரித்த நோயின் கிருமியை 1992-ல் அடையாளம் காட்டியது அந்த மரபணுதான். ஆய்வகத்தில் வளர்க்க 2000 வரை ஆனது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஈ.கோலை, ஷிகெல்லா என்ற மிக நெருங்கிய இரு கிருமிகளை அதனால் பிரிக்க முடியாது.

அதனால் சந்தேகம் இருந்தால் "அடையாளம் உறுதியாகவில்லை, மேல் ஆய்வகத்துக்கு அனுப்பியுள்ளோம்" என்று ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். மருத்துவருக்குப் போன் போடுங்கள். மருத்துவர்களே, நீங்களும் சாம்பிளோடு வரும் படிவத்தில் "காய்ச்சல்" என்று ஒரே சொல்லோடு விடாதீர்கள். சர்க்கரை நோய் உண்டா, சேற்றில் வேலையா, கால்நடையோடு பழக்கமா, எங்கே பயணம் போனார் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.