அரியலூர்ப் பாறைகளின் இடைவெளிக்குக் கடல் மட்டும் காரணமா?

அரியலூர்–பெரம்பலூர்ப் பகுதியின் கிரெட்டேசியப் (டைனோசர் யுகத்தின் இறுதிக் காலகட்டம்) படிவுகளில் சில அடுக்குகள் காணப்படாததற்குக் கடல் பின்வாங்கியதே காரணம் என்றும், நிலம் அப்போது அசையவே இல்லை என்றும் ஒரு செய்தி பகிரப்படுகிறது. இது பாதி உண்மை மட்டுமே.

இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபோது புவி மேலோடு விரிசலிட்டுத் தாழ்ந்ததால் உருவானதே இப்பகுதி அடங்கிய காவிரிப் படுகை. அங்குள்ள கடற்படிவுகள் கீழிருந்து மேலாக உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் நடந்தால், துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட் (கணவாயை ஒத்த, அழிந்துபோன கடலுயிரி) புதைபடிவங்களும் வெயிலில் மினுங்கும் ஜிப்சத் தகடுகளும் காலில் தட்டுப்படும். அவை உத்தத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தவை. அத்தொகுதி சாய்ந்து, அரிக்கப்பட்ட பின்னரே, வேறு சாய்வுக் கோணத்தில் திருச்சிராப்பள்ளித் தொகுதி அதன்மேல் படிந்தது. கடல் மட்டம் இறங்கினால் அடுக்குகள் அரிக்கப்படலாம். ஆனால் அவை சாய்வதில்லை. சாய்ப்பது நிலப்பிளவுகளின் அசைவே. சில இடங்களில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, உத்தத்தூரையும் தாண்டி, நேரடியாகப் பழைய அடிப்பாறை மீதே அமர்ந்திருக்கிறது.

கடல் மட்ட மாற்றத்துக்குப் பங்கே இல்லை என்பதும் தவறுதான் (மறுப்புரைகளும் சில நேரம் எல்லை மீறுகின்றன). அரியலூர்த் தொகுதி பரந்து படிந்ததில் கடலேற்றமும் சேர்ந்தே செயல்பட்டது.