பசுவை விட்டுவிடுவோம், பிள்ளைகள் தங்கள் கதையை எழுதட்டும்

நம் மொரிஷியஸ் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எழுத்து குண்டு குண்டாக, கோடு தாண்டாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆனால் அதில் பெரும்பகுதி கரும்பலகையைப் பார்த்து எழுதியது. "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு." வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை நோட்டிலும் அதே பசு, அதே நான்கு கால். கை பழகுவதற்கு இது உதவும், மறுக்கவில்லை. இதையே எழுதக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஆறு கிரேடும் ஓட்டிவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்படிச் சொன்னதும் சக ஆசிரியர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "தமிழ் பேசவே தெரியாத பிள்ளை சொந்தமாக என்னத்தை எழுதும்?" நியாயமான கேள்வி. நம் வீடுகளில் புழங்குவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. 2012 முதல் கிரியோலே பள்ளியில் ஒரு விருப்பப் பாடமாகவும் வந்துவிட்டது. தமிழ் எழுத்தைப் பிள்ளை பார்ப்பது கோயில் பலகையில், நம் ரூபாய் நோட்டில், அப்புறம் பாடப் புத்தகத்தில். மொழிப் பாட நேரம் வந்தால் இந்தி ஒரு பக்கம், உருது ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம் என்று வகுப்பு பிரிந்து போகும். நம்மிடம் வந்து சேர்வது ஒரு சின்னக் கூட்டம். மணி அடித்து, பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, பையைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். இந்த நெருக்கடியில் பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்வதுதான் சுலபம் என்று ஒருவர் முடிவு செய்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் பேச வராத பிள்ளைக்குத்தான் சொந்தமாக எழுதும் பழக்கம் இன்னும் அதிகமாகத் தேவை என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பிள்ளைக்குத் தமிழில் எதையாவது சொல்லிப் பார்க்க வேறு இடமே கிடையாது.

247 எழுத்தும் முடியட்டும், பிறகு வாக்கியம் எழுதலாம் என்று காத்திருப்பதும் வேண்டாம். க, ட, ப, ம, ர, ல, அ. இந்த ஏழோடு புள்ளியும் துணைக்காலும் தெரிந்தால் போதும். அம்மா, அப்பா, மரம், கடல், கப்பல், பால், கால், படம் எல்லாம் வந்துவிடும். "அப்பா, கப்பல் பார்!" என்று எழுதிவிடலாம். துறைமுக நகரமான போர்ட் லூயிஸில் வளரும் பிள்ளைக்கு அது உண்மையான வாக்கியம். முதல் கிரேடு பிள்ளை அதை எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு கப்பலும் வரைந்துகொண்டு வரும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். அகர வரிசை முக்கியம்தான், மனப்பாடம் ஆகட்டும். அது ஒரு பக்கம் நடக்க, எழுதுவது இன்னொரு பக்கம் நடக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கடினமானது வேறொன்று. கிரியோலில் மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே. சாப்பிட்டது நானாக இருந்தாலும் நீயாக இருந்தாலும் அவனாக இருந்தாலும் வினைச்சொல் மாறாது. தமிழில் சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டான், சாப்பிட்டாள், சாப்பிட்டார் என்று ஆளுக்கு ஒரு விகுதி. அதனால்தான் "நான் கடலுக்குப் போனான்" என்று எழுதுகிறார்கள். இதற்கு நாம் கொடுக்கும் மருந்து அட்டவணை. பிள்ளை அதை ஒப்பித்துவிடும், மறுநாளும் போனான் என்றே எழுதும். நான் இப்போது வேறு மாதிரி செய்கிறேன். ஒரு தவணை முழுக்க 'நான்' மட்டும்தான். நேற்று நான் என்ன செய்தேன், எங்கே போனேன், எதற்கு அழுதேன். தன் கதை என்பதால் சலிக்காது, ஒவ்வொரு வாக்கியமும் 'ஏன்' விகுதியில் முடிந்து முடிந்து அது கையிலேயே ஊறிவிடும். அடுத்த தவணையில் வீட்டில் உள்ள ஒருவர். தாத்தா வந்தார், தாத்தா திட்டினார். அதற்குப் பிறகுதான் 'நாங்கள்'.

வகுப்பில் எழுத ஆரம்பிக்கும் முன் பேச்சு. எந்த மொழியில்? கிரியோலில்தான், தயங்காமல். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதே, அதற்குப் பிறகு பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. சரி, இன்றைக்கு இதையே எழுதுவோம் என்றேன். அவர்கள் கிரியோலில் சொல்லச் சொல்ல, தேவையான சொற்களை மட்டும் பலகையில் எழுதினேன். மழை, காற்று, தண்ணீர், பயம், கோழி, மெழுகுவர்த்தி. வாக்கியம் எதையும் எழுதவில்லை. மூன்றாம் கிரேடு பெண் ஒருத்தி எழுதியது இது:

"மழை வந்தது. தண்ணீர் வந்தது. கோழி வீட்டில் வந்தது. அம்மா கோபம். பாட்டி சிரிப்பு."

பசுவுக்கு நான்கு கால் உண்டு என்பதைவிட இது எவ்வளவு உயர்ந்தது! வெள்ளமும் வீடும் அந்த வீட்டின் இரண்டு பெண்களும் ஐந்து சின்ன வாக்கியத்தில் வந்துவிட்டார்கள். திருத்தியது ஒன்றே ஒன்று, 'வீட்டில்' என்பதை 'வீட்டுக்குள்' என்று. மறுநாள் வகுப்பு முழுக்க அதுதான் பாடம். பைக்குள், பெட்டிக்குள், வாய்க்குள். கோழி வீட்டுக்குள் வந்த கதையோடு ஒட்டிக்கொண்டதால் யாருக்கும் மறக்கவில்லை.

திருத்துவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் எழுதப் பயப்படுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. ல, ள, ழ மூன்றும் கிரியோல் பழகிய காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கும். ன, ண வேறுபாடும் அப்படியே. பிழை வரும், வந்துகொண்டே இருக்கும். எல்லாப் பிழையிலும் சிவப்பு மையை ஓட்டினால் பக்கமே ரணகளமாகிவிடும். அடுத்த முறை பிள்ளை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை போதும். இன்றைக்கு விகுதி என்றால் விகுதி மட்டும், ளகரத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சொல் தெரியாத இடத்தில் கிரியோல் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகட்டும். "நான் லாமேர் போனேன்" என்று ஒரு பையன் எழுதினால் மேலே சின்னதாகக் 'கடலுக்கு' என்று எழுதிக் கொடுப்பேன், அவன் எழுதியதை அடிக்க மாட்டேன். அந்த இடத்தில் அவன் நின்றுவிடவில்லை, வாக்கியத்தை முடித்திருக்கிறான். அதுதான் எனக்குப் பெரிது.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டொனால்ட் கிரேவ்ஸ் என்ற ஆய்வாளர் 1970களின் கடைசியில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்து, அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று நீண்ட நாள் கவனித்தார். தலைப்பைத் தாங்களே தேர்ந்துகொள்ள விட்டால் முதல் வகுப்புப் பிள்ளைகள்கூட எழுதுவார்கள், எழுதியதைத் திரும்பப் பார்த்து மாற்றவும் செய்வார்கள் என்பது அவர் வாதம். அவை ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள், நம் நிலைமை வேறு என்பது தெரியும். அதனால்தான் முதலில் பேச்சும், பலகையில் சொற்களும் தேவைப்படுகின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆறாம் கிரேடு முடிவில் தொடக்கப்பள்ளிச் சான்றிதழுக்கான பி.எஸ்.ஏ.சி. தேர்வு இருக்கிறது, கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வையுங்கள் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஐந்து கட்டுரையை உருப்போட்ட பிள்ளை ஆறாவது தலைப்பைக் கண்டால் திகைத்து நிற்கும். வாரா வாரம் தன் கதையை எழுதிய பிள்ளை எந்தத் தலைப்புக்கும் நாலு வரி எழுதிவிடும். வீட்டுக்கு வரும் நோட்டில் பிழை இருந்தால் டீச்சர் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உங்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், கிரியோலில் விளக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி யாராவது கேட்டால் இன்னும் நல்லது.

பாடநூல் நமக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலிருந்து வருகிறது. அங்கே இருப்பவர்களிடம் நான் கேட்பது, ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் கோடு போட்ட வெற்றுப் பக்கம் ஒன்று. கேள்வி வேண்டாம், கோடிட்ட இடத்தை நிரப்புக வேண்டாம். பிள்ளையின் பெயர், தேதி, அதற்குக் கீழே அது எழுத நினைப்பது. அதுவரை நான் தனியாக ஒரு மெல்லிய நோட்டு வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரத் தலைப்பு 'வீட்டில் நடந்த சண்டை'. நான்காம் கிரேடு பையன்கள் இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.