வருகையின் தேதியைக் கணக்குப் போடுகிறவர்கள்

இஸ்ரேலில் ஒரு ஏவுகணை விழுந்தால் போதும், அன்று சாயங்காலமே சபை வாட்ஸ்அப் குழுக்களில் ‘கிறிஸ்துவின் இரண்டாம் வருகை இந்த வருஷம்தான்’ என்று ஒரு வீடியோ வந்துவிடுகிறது. இப்போது சுற்றுவது 2028. இஸ்ரேல் தேசமானது 1948-ல். மனுஷனுடைய ஆயுசு பெலத்தின் மிகுதியால் 80 என்கிறது சங்கீதம் 90:10. இரண்டையும் கூட்டு என்கிறார்கள். ஒரு தலைமுறை 40 வருஷம் என்று வைத்து, இதே 1948-ஐக் கொண்டு 1988 என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வருஷம் சும்மா கடந்துபோன பிறகு 40 எப்படி 80 ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கணக்குகள் எல்லாமே ஒரே மாதிரிதான் கட்டப்படுகின்றன. தொடக்க வருஷம் ஒன்று, வேதத்திலிருந்து எடுத்த எண் ஒன்று, நாட்களை வருஷங்களாக்க ஒரு விதி. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லர் தானியேல் 8:14-ன் 2300 நாளை எடுத்தார். ஒரு நாள் ஒரு வருஷம் என்றார். எருசலேமைப் பற்றிப் பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் கட்டளை பிறந்த கி.மு. 457-லிருந்து எண்ணினார். அவருடைய இயக்கம் கடைசியில் வந்து நின்ற நாள் 1844 அக்டோபர் 22. விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்த விவசாயிகளும் அதில் இருந்தார்கள். பிறகு அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங். நோவாவின் ஜலப்பிரளயம் கி.மு. 4990 என்றார். ஆதியாகமம் 7:4-ன் ஏழு நாளை 2 பேதுரு 3:8-ஐ வைத்து 7000 வருஷமாக்கி, 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். 2012 மார்ச்சில், தேதி குறித்தது பாவம் என்று அவரே எழுதினார். அதை எழுதவும் ஒரு மனம் வேண்டும், அந்த மட்டில் அவரைக் குறைசொல்ல மாட்டேன்.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். மில்லருக்கு ஒரு நாள் ஒரு வருஷம், கேம்பிங்குக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம். விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற அளவுகோலைத் தேடினால் இப்படித்தான் ஆகும். 4990 என்ற எண் வேதத்தில் எங்கும் இல்லை. பேதுருவோ அந்த வசனத்தைக் கணக்குப் போடுவதற்காக எழுதவில்லை. வருகை ஏன் தாமதிக்கிறது என்று கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்கிறார். தேவன் நீடிய பொறுமையுள்ளவர் என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது.

ஆகவே அடுத்த வீடியோ வந்தால் தொடக்க வருஷத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். பிறகு காட்டிய வசனத்தோடு நிறுத்தாமல் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். மத்தேயு 24-ல் யுத்தச் செய்திகளைச் சொன்ன அதே வசனத்தில் ‘முடிவு உடனே வராது’ என்றும் இருக்கிறது. வீடியோக்களில் அந்தப் பாதி மட்டும் வெட்டுப்பட்டுப் போவது எப்படியோ!

கிறிஸ்து திரும்ப வருவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை நம்புகிறவன் இன்று எப்படி வாழ்கிறான் என்பதுதான் என் கேள்வி. பவுல் காலத்துத் தெசலோனிக்கேயா சபையில் இந்தக் குழப்பம் முன்பே வந்திருக்கிறது. பவுலிடமிருந்து வந்ததாய்த் தோன்றுகிற நிருபத்தைக் கண்டு கலங்காதீர்கள் என்று அவரே எழுத வேண்டியிருந்தது (2 தெச. 2:2). ஃபார்வர்டு அன்றைக்கே இருந்திருக்கிறது! அதே கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில், வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிகிறவர்களைக் கண்டிக்கிறார். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிறார். பேதுருவும் ‘எல்லாவற்றிற்கும் முடிவு சமீபமாயிற்று’ என்று எழுதிவிட்டுத் தெளிந்த புத்தி, ஜெபம், ஊக்கமான அன்பு, முறுமுறுப்பில்லாத உபசரிப்பு என்று அடுக்குகிறார். தேதி ஒன்றும் தரவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆள் எரேமியா தீர்க்கதரிசி. எருசலேம் விழும் என்று சொன்னவரே அவர்தான். பாபிலோன் படை நகரைச் சூழ்ந்திருக்கிறது, அவரோ காவலில் இருக்கிறார். அப்போது கர்த்தர் சொன்னபடி ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டதையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார் (எரேமியா 32).

வருகைக்கு ஆயத்தம் என்று சொல்லிச் சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிள்ளையின் கல்லூரி அட்மிஷனைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்கிய கடனை, ‘எப்படியும் எல்லாம் முடியப்போகிறது’ என்று இழுத்தடிக்காதீர்கள். ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிற ரோமர் 13:8 இன்னும் நீக்கப்படவில்லை. வேலைக்காரருக்குக் கூலி பாக்கி இருந்தால் இன்றே கொடுங்கள். யாக்கோபு 5-ல் கடைசிநாட்கள் என்ற பேச்சோடு சேர்ந்தே வருவது அந்தப் பிடித்துவைத்த கூலிதான். ‘காலம் குறைவு, காணிக்கை அனுப்புங்கள்’ என்று தேதியோடு கேட்கிற ஊழியரிடம், அவருடைய சபைக் கட்டடக் கடனுக்குக் கடைசித் தவணை எந்த வருஷம் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.