லண்டனைக் கையைக் கடிக்காமல் சுற்றிப் பார்த்த எட்டு நாட்கள்

2024 செப்டம்பர் இறுதியில், பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையில், மனைவியோடும் 14 வயது மகளோடும் 10 வயது மகனோடும் லண்டனில் எட்டு நாட்கள் தங்கிவிட்டு வந்தேன். அன்று முதல் என்னைச் சந்திக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு ஆயிற்று?" என்பதுதான். விமானக் கட்டணமும் விசாக் கட்டணமும் நம் கையில் இல்லை. ஆனால் ஊருக்குள் இறங்கிய பிறகு ஆகும் செலவைப் பெருக்குவது அந்த ஊரின் விலைவாசியைக் காட்டிலும் நம்முடைய அவசரம்தான் என்பது இந்தப் பயணத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு. அதை விளக்கவே இந்தப் பதிவு.

முதலில் ஒரு பயண முகவரிடம்தான் போனேன். அவர் தந்த திட்டத்தில் நான்கு நாட்களுக்குள் 22 இடங்கள் இருந்தன. அவற்றில் பாதி, பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துக் கடந்துவிட வேண்டியவை. ஒரு நாளைக்கு ஐந்தாறு இடங்களைத் தொட வேண்டும் என்றால் நகரின் நடுவிலேயே தங்க வேண்டும், இடைவெளிகளில் டாக்சி பிடிக்க வேண்டும், பசித்த இடத்தில் கேட்ட விலைக்குச் சாப்பிட வேண்டும். திட்டத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு நாளுக்கு ஒரு திசை என்று நாங்களே வகுத்துக்கொண்டோம்.

தங்குவதற்கு ஈஸ்ட்ஹாமில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மையத்தில் ஓர் அறைக்குக் கேட்ட வாடகைக்கு இங்கே அடுப்பங்கரையோடு இரண்டு அறைகள் கிடைத்தன. தமிழர்கள் நிறைய வாழும் பகுதி என்பதால் இரவுக்குத் தோசையோ கொத்து ரொட்டியோ கிடைத்துவிடும் என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த ஊர் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் இருப்பது. லண்டன் கோட்டைக்கு அருகிலுள்ள டவர் ஹில், நாடாளுமன்றத்தின் வாசலான வெஸ்ட்மின்ஸ்டர், அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கும் சவுத் கென்சிங்டன் ஆகிய மூன்றுக்கும் வண்டி மாறாமல் போய்விடலாம். வெளியூரில் விடுதி தேடும்போது நாம் மையத்திலிருந்து எத்தனை மைல் என்று பார்க்கிறோம். எந்தத் தடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே சரி.

போக்குவரத்தில் லண்டன் பயணிக்குச் சாதகமான ஊர்தான், விதிகளைத் தெரிந்துகொண்டால். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். நாங்கள் போனபோது நகரின் நடுவிலுள்ள முதல் இரண்டு கட்டண மண்டலங்களுக்குள் அது 8.50 பவுண்டு, ஈஸ்ட்ஹாம் வரை என்றால் சற்றுக் கூடுதல். பேருந்தில் மட்டும் சுற்றினால் 5.25 பவுண்டோடு நின்றுவிட்டது. ஒரு முறை பேருந்தில் ஏற அப்போது 1.75 பவுண்டு, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் மற்றப் பேருந்துகளுக்குக் கட்டணம் இல்லை. பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள் என்பதால் வங்கி அட்டையோ பயண அட்டையோ கைப்பேசியோ அவசியம். இங்கேதான் நான் ஏமாந்தேன். முதல் நாள் காலையில் வங்கி அட்டையைத் தட்டி ஏறினேன், மாலையில் அது பையின் அடியில் போய்விட்டதால் கைப்பேசியைத் தட்டினேன். இரண்டும் ஒரே கணக்கோடு இணைந்தவை என்றாலும் இயந்திரத்தின் பார்வையில் அவை இரண்டு ஆட்கள். உச்சவரம்பு இரண்டுக்கும் தனித்தனியே ஓடியது. இதுவும் அவசரத்தின் விலைதான்.

பிள்ளைகளுக்கான சலுகையைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. 11 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பேருந்திலும், பெரியவர்களோடு வந்தால் சுரங்க ரயிலிலும் கட்டணமே இல்லை. 11 முதல் 15 வயது வரையுள்ள வெளியூர்ப் பிள்ளைகளுக்கு, முன்பணம் போட்டுத் தட்டும் பயண அட்டையான ஆய்ஸ்டர் அட்டையை வாங்கி, நிலையத்திலுள்ள ஊழியரிடம் சொன்னால், 14 நாட்களுக்குப் பாதிக் கட்டணமாக மாற்றித் தருவார். வங்கி அட்டையில் இந்தச் சலுகை கிடைக்காது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வரும்போதும் 25 பவுண்டு விரைவு ரயிலுக்குக் கை காட்டிய அறிவிப்புகளைக் கடந்து பிக்காடில்லி தடத்தில் 5.60 பவுண்டுக்கு வந்தோம். ஏறக்குறைய 40 நிமிடம் கூடுதல். விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டா?

இனி அருங்காட்சியகங்கள். 2001 டிசம்பர் முதல் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1759-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ பெரும்பாலும் என்றுமே இலவசமாக இருந்துவந்தது. இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்கும் நம் புத்திக்கு இது பிடிபடுவதில்லை. கட்டணம் இல்லாததன் உண்மையான பலன் பணம் மிச்சமாவதைவிடப் பெரியது: "காசு கொடுத்துவிட்டோம், எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும்" என்ற நெருக்கடி இல்லாமல் போகிறது. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, மறுநாள் மீண்டும் நுழையலாம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கூடத்தில் தொங்கும் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே மகன் மூன்று வெவ்வேறு நாட்களில் நின்றான். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து வரை திறந்திருக்கும். கூட்டம் கலைந்த பிறகு, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்ட திப்புவின் மரப்புலியை நிதானமாகப் பார்த்தோம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அமராவதிக் கூடத்தில் மட்டும் மனம் சற்றுச் சங்கடப்பட்டது. ஆந்திராவின் அமராவதியிலிருந்த பௌத்தத் தூபியில் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்த அந்தச் சிற்பங்கள் சென்னையில் சில ஆண்டுகள் கிடந்து, 1859-இல் கப்பலேறியவை. கூட்டாளிச் சிற்பங்கள் பல எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. நாங்கள் அங்கே ஒரு முறைகூடப் போனதில்லை என்பதை மகள்தான் நினைவூட்டினாள். இலவசமாகக் காட்டுகிறார்களே என்று நன்றி சொல்வதா, நம்முடையதைத்தானே காட்டுகிறார்கள் என்று பெருமூச்சு விடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

காசு கொடுத்துப் பார்த்ததும் உண்டு. லண்டன் கோட்டைக்குப் பெரியவர் ஒருவருக்கு 30 பவுண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் அரை நாள் முழுவதும் அங்கேயே இருந்தோம். கோட்டைக் காவலர்கள் கதை சொல்லி அழைத்துச் செல்லும் சுற்று டிக்கெட்டிலேயே அடங்கும். கோகினூர் இருக்கும் கிரீடத்தை மகன் இரண்டு முறை வரிசையில் நின்று பார்த்தான். அங்கிருந்து செயின்ட் பால் பேராலயம் வரை நடந்து, மில்லேனியம் பாலத்தைக் கடந்தால் டேட் மாடர்ன் கலைக்கூடமும் ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கமும் அடுத்தடுத்து நிற்கின்றன. குளோபில் முற்றத்தில் நின்றபடி நாடகம் பார்க்க நாங்கள் போனபோது 5 பவுண்டிலிருந்து டிக்கெட் இருந்தது. நடுவில் கால் வலிக்கிறது என்று தரையில் உட்கார அனுமதியில்லை என்பதால் மனைவியும் மகளும் மட்டும் பார்த்தார்கள். நானும் மகனும் ஆற்றங்கரையில் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதற்கு 'லண்டன் ஐ' ராட்டினத்தில் ஏறாமல், ஓர் உயர்ந்த கட்டடத்தின் 35-ஆம் மாடியிலுள்ள ஸ்கை கார்டன் என்ற தோட்டத்துக்குப் போனோம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பே இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும்.

பல இடங்களுக்கும் சேர்த்து விற்கும் சுற்றுலாப் பாஸ்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். போட்ட காசை எடுக்க நாளொன்றுக்கு மூன்று நான்கு இடங்களுக்கு ஓட வேண்டும். முகவரின் 22 இடங்கள் வேறு வேடத்தில் திரும்பி வருகின்றன, அவ்வளவுதான். அதேபோல, மாலை ஐந்து மணி வழிபாட்டுக்குப் போனால் செயின்ட் பால் பேராலயத்துக்குள் டிக்கெட் இல்லாமல் நுழையலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது வழிபாடு. முழுவதும் அமர்ந்து பாடகர் குழுவின் பாடலைக் கேட்க மனமிருந்தால் மட்டும் போங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் வீட்டுச் சமையல், மதியம் பேரங்காடியில் சான்ட்விச்சும் பழமும், இரவு ஈஸ்ட்ஹாம். மது பரிமாற உரிமம் பெற்ற உணவகங்கள் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கூச்சப்படாமல் கேளுங்கள். ஒவ்வொரு காபியையும் 110-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை மூன்றாம் நாள் மனைவி தடை செய்தார். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் முறை அங்கே 2021 முதல் இல்லை என்பதையும் கடைக்குள் நுழையும் முன் நினைவில் வையுங்கள்.

மகளின் ஆய்ஸ்டர் அட்டையில் இன்னும் சில பவுண்டுகள் மீதம் இருக்கின்றன. அந்தத் தொகை காலாவதியாவதில்லை. பிள்ளைகளுக்கான சலுகையை மட்டும் நிலையத்தில் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நண்பர்களில் யாராவது அடுத்த கோடையில் கிளம்புவதாக இருந்தால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.